ஷூ பெட்டி நிவாரணப் பொருளான கதை

ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1989 டிசம்பரில் கவிழ்ந்தது. அதன் பிறகுதான் அந்நாட்டு அநாதை இல்லங்களுக்குள் கேமராக்கள் நுழைந்தன. மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும் என்று 1966-இல் கருக்கலைப்புக்குத் தடை போட்டிருந்தார் அவர். வளர்க்க வழியில்லாதவர்கள் பிள்ளைகளை அரசு இல்லங்களில் விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அப்படி அடைந்து கிடந்தார்கள். கம்பிக் கட்டிலில், மொட்டைத் தலையோடு, தூக்கிக் கொஞ்ச ஆளில்லாமல் தாமாகவே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்த குழந்தைகளை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது.

வேல்ஸில் ரெக்சம் என்ற ஊரில் இருந்த டேவ் குக், ஜில் குக் தம்பதியும் பார்த்தார்கள். 1990 கிறிஸ்துமஸுக்கு மருந்து, துணிமணி இவற்றோடு பரிசுப் பொருள்களும் லாரிகளில் ஏறி ருமேனியாவுக்குப் புறப்பட்டன. ‘ஆபரேஷன் கிறிஸ்துமஸ் சைல்ட்’ பிறந்தது அப்போதுதான்.

மருந்து சரி, பொம்மை எதற்கு என்று கேட்கத் தோன்றும். நிவாரணம் என்றாலே நமக்கு மூட்டைதான் நினைவுக்கு வரும். மூட்டையாக வருவது ஊருக்குப் பொது. அந்த இல்லங்களில் உடுப்பே பொதுவாக இருந்தது. ‘இது என்னுடையது’ என்று சொல்ல ஒரு பொருள்கூட இல்லாத பிள்ளைக்கு, தனக்கென்று கட்டிய ஒரு பெட்டி கிடைப்பது சின்ன விஷயமே இல்லை. ஷூ பெட்டி அதற்கென்றே செய்ததுபோல் அமைந்தது. வீட்டில் சும்மா கிடப்பது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வருவது, அதைவிட முக்கியம், ஒரு பிள்ளைக்கு ஒன்று என்ற கணக்குக்குச் சரியாக வருவது. கட்டுகிறவர் மனதிலும் அப்போது ஒரே ஒரு குழந்தைதான் இருக்கும்.

1993-இல் பொஸ்னியாவில் போர். அங்குள்ள பிள்ளைகளுக்குப் பெட்டி வேண்டும் என்று பிரிட்டனிலிருந்து அமெரிக்காவின் வட கரோலினாவுக்குத் தொலைபேசி அழைப்பு போனது. எடுத்தவர் ஃபிராங்க்ளின் கிரஹாம், கிறிஸ்தவ நற்செய்தியாளர் பில்லி கிரஹாமின் மகன். பாப் பியர்ஸ் 1970-இல் தொடங்கிய ‘சமாரிட்டன்ஸ் பர்ஸ்’ என்ற கிறிஸ்தவ நிவாரண அமைப்பு அப்போது அவர் பொறுப்பில் இருந்தது. சரி என்றவர், கிறிஸ்துமஸுக்குத்தான் மாதக்கணக்கில் இருக்கிறதே என்று மறந்தே போனார். இதை அவரே சொல்லியிருக்கிறார். நவம்பரில் மறுபடி அழைப்பு வந்தபோது, சார்லட் நகரத்துக் கால்வரி சபையின் போதகர் ராஸ் ரோட்ஸிடம் உதவி கேட்டார். ஞாயிறு ஆராதனையில் ரோட்ஸ் ஒரு பெட்டியைச் சபையார் கண்முன்னே அடுக்கிக் காட்டி, பிள்ளைக்கு ஒரு கடிதமும் எழுதி வையுங்கள் என்றார். சில வாரங்களில் சபையின் நடைவழிகளில் 11,000 பெட்டிகள் சேர்ந்துவிட்டன. கனடாவில் சேர்ந்ததையும் கூட்டி, அந்தக் கிறிஸ்துமஸுக்கு 28,000 பெட்டிகள் பால்கன் நாடுகளுக்குப் போயின. அன்றிலிருந்து இன்றுவரை போன பெட்டிகள் 20 கோடிக்கும் மேல்.

அமெரிக்காவில் நவம்பர் மூன்றாவது வாரம் சேகரிப்பு வாரம். தேவாலய வாசலில் மேசை போட்டுத் தொண்டர்கள் வாங்கி, எண்ணி, பெரிய அட்டைப்பெட்டிகளில் அடுக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். கிடங்குக்குப் போனதும் ஒவ்வொரு பெட்டியும் திறக்கப்படும். அனுப்பும் செலவுக்காக உள்ளே வைத்த பணத்தை முதலில் எடுத்துவிடுவார்கள். பிறகு சோதனை. மிட்டாய், பற்பசை, மருந்து, கசியக்கூடியது, உடையக்கூடியது, பழையது எதுவும் போகக்கூடாது. பொம்மைத் துப்பாக்கியும் சிப்பாய்ப் பொம்மையும் கூடாது. போர் நடந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் போகிற பெட்டி அல்லவா? எடுத்த இடம் காலியாக விடப்படாது, வேறு பொருளை வைத்து நிரப்பி, நாடா ஒட்டி அனுப்புவார்கள். இதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

இந்தப் பெட்டிக்கு எதிர்ப்பும் உண்டு. பெட்டியோடு இயேசுவின் கதை சொல்லும் சிறு புத்தகமும் பல இடங்களில் பிள்ளைகள் கைக்குப் போகிறது. விரும்புகிறவர்களுக்குப் பன்னிரண்டு பாடங்கள் கொண்ட வேதாகம வகுப்பும் நடக்கிறது. பிரிட்டனில் சில பள்ளிகள் இதனால் விலகிக்கொண்டன. அமைப்பு இதை ஒளிப்பதில்லை, தன் நோக்கமே நற்செய்தி என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனாலும் பெட்டி கட்டித் தருகிற எல்லாரும் விசுவாசிகள் இல்லை. பொம்மையும் பென்சிலும் வாங்கித் தருகிற பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு, இது எப்படிப் போய்ச் சேரும் என்று முன்கூட்டியே விளக்கிவிடுவதுதான் நியாயம்.

பெட்டியின்மேல் ஒட்டும் சீட்டில் ஆணா பெண்ணா, எந்த வயது என்று குறிக்க வேண்டும்: 2 முதல் 4, 5 முதல் 9, 10 முதல் 14. சின்னப் பெண் குழந்தைக்கு வாங்க எல்லாருக்கும் ஆசை. பொம்மை, ரிப்பன் என்று பெட்டி தானாக நிரம்பிவிடும். பதின்மூன்று வயதுப் பையனுக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல் தயங்குகிறார்கள். ஆண்டுதோறும் குறைவாக வருவது அந்தப் பெட்டிதான். காற்று இறக்கிய கால்பந்து, அதை நிரப்ப ஒரு கைப்பம்பு, ஒரு ஸ்குரூ டிரைவர், கொஞ்சம் ஆணி, கயிறு, நோட்டு, பேனா வையுங்கள் என்று தொண்டர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள்.