காற்றை உண்பவை: பாம்பின் இரையும் கிண்டியின் பாடமும்

அமரகோசம் பாம்பின் பெயர்களை அடுக்கிச் செல்லும் இடத்தில் 'பவனாசனம்' என்றொரு பெயர் வருகிறது. பவனம் என்பது காற்று. அசனம் என்பது உணவு. காற்றை உண்டு வாழ்வது என்று பொருள். இப்பெயரை இட்டவர்கள் எதையும் பாராமல் இட்டுவிடவில்லை. பெரிய எலியொன்றை விழுங்கிய பாம்பு பல நாட்கள், சில வேளைகளில் பல வாரங்கள், இரையின்றிக் கிடக்கும். நம்மைப்போல் உடற்சூட்டைக் காத்துக்கொள்ள ஓயாமல் உணவை எரிக்கும் தேவை அதற்கு இல்லை. அது நாவை நீட்டி நீட்டி இழுப்பதும் காற்றைச் சுவைப்பதுபோலவே தோன்றும். உண்மையில் காற்றிலுள்ள மணத்துகள்களை மேலண்ணத்தில் அமைந்த நுகர் உறுப்புக்குக் கொண்டு சேர்க்கிறது. ஆக, கண்டது சரி. கண்டதிலிருந்து கொண்ட முடிவு தவறு. பாம்பின் உணவு குறித்து மனிதர் நினைத்துவந்த வரலாறு பெரும்பாலும் இவ்வாறே அமைந்திருக்கிறது.

காற்றுக்கு அடுத்த இடம் பாலுக்கு. நாகசதுர்த்தியன்று புற்றுக்குப் பால் வார்த்து முட்டை வைக்கும் வழக்கம் நம்மிடம் இன்றும் உண்டு. முட்டையில் ஓரளவு உண்மை இருக்கிறது. நல்லபாம்பு பறவை முட்டைகளை விழுங்கக் கூடியதுதான். பால் அப்படியன்று. அது பாலூட்டிகளின் உணவு. ஊர்வனவற்றின் குடல் அதைச் செரிப்பதற்கென்று அமைந்ததில்லை. பண்டிகைக்குமுன் பாம்பாட்டியிடம் பல நாள் நீரின்றி வாடிய பாம்பு, முன்னால் வைக்கப்பட்ட எந்தத் திரவத்திலும் வாய் வைக்கும். நாம் பக்தி என்று கண்டது அதன் தாகத்தை. வலிந்து புகட்டும் பால் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுத்து உயிரைப் போக்குவதும் உண்டு.

சாரைப்பாம்பு மாட்டின் மடியில் பால் குடிக்கும் என்னும் நம்பிக்கையும் இதன் உடன்பிறப்பே. தீவனமும் தானியமும் உள்ள தொழுவத்தில் எலி இருக்கும். எலி உள்ள இடத்துக்குச் சாரை வரும். மாட்டின் காலடியில் சாரையைக் கண்டவர், அன்று பால் குறைந்ததற்கும் அதையே காரணமாக்கினார். நம் நாட்டார் அறியாமை என்று இதைத் தள்ளிவிடவும் இயலாது. வட அமெரிக்காவில் ஒரு பாம்பினத்துக்குப் 'பால்பாம்பு' என்றே பெயர். அங்கும் அதே தொழுவம், அதே எலி, அதே தவறான தீர்ப்பு.

இதற்கிணையாக இன்னொரு அறிவு நம் மண்ணில் இருந்தே வந்திருக்கிறது. தவளை தன் வாயால் கெடும் என்னும் பழமொழியில், மழையிரவின் ஒலியைத் தொடரும் ஆபத்தை அறிந்தவனின் குரல் கேட்கிறது. செங்கல்பட்டுப் பகுதி இருளர்கள் எலி வளையைப் பார்த்தே உள்ளிருப்பது எலியா, எலியைத் தின்னப் புகுந்த பாம்பா என்று சொல்லக்கூடியவர்கள். பாம்பு எதைத் தின்னும் என்று தெரியாதவர் பாம்பைத் தேடிப் பிடிக்க முடியாது. எழுத்தில் ஏறாத இந்த அறிவு நெடுங்காலம் தோல் வணிகத்துக்கே பயன்பட்டது.

இவ்விரு அறிவுகளும் சந்தித்த இடம் கிண்டி. அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்த ரோமுலஸ் விட்டேக்கர், மயாமியின் பாம்புப் பண்ணையொன்றில் பணியாற்றிவிட்டு 1967இல் இந்தியா திரும்பினார். சென்னைக்குத் தெற்கே சேலையூரில் சிறிய அளவில் தொடங்கிய அவருடைய பாம்புப் பண்ணை, 1972இல் ஆளுநர் மாளிகையை ஒட்டிய கிண்டிக் காட்டில் ஏறத்தாழ ஒரு ஏக்கர் நிலத்துக்கு இடம் பெயர்ந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. தோலுக்காகப் பாம்பைக் கொன்றவர்கள், நஞ்செடுத்தபின் அதை உயிரோடு காட்டில் விடுபவர்களானார்கள்.

பண்ணை வைப்பது என்பது நாள்தோறும் இரை தேடுவது. அங்கே நம்பிக்கைகள் செல்லா. நல்லபாம்புக்கு எலியும் தேரையும் வேண்டும். பச்சைப்பாம்பு ஓணானையும் தவளையையும் நாடும். கட்டுவிரியன் பிற பாம்புகளையும் உண்ணும். ராஜநாகத்தின் முதன்மை உணவே பாம்புதான்; அதன் அறிவியற்பெயரான 'ஓபியோஃபேகஸ்' என்பதற்குப் பாம்புண்ணி என்றே பொருள். ஒரு ராஜநாகத்தை வளர்ப்பவர் அதன் பசிக்காக வேறு பாம்புகளைத் தேட வேண்டும். அல்லது எலியின்மேல் பாம்பின் மணத்தை ஏற்றி அதை ஏமாற்றிப் பழக்க வேண்டும். எல்லாப் பாம்புக்கும் பொதுவான ஓர் உணவு என்று ஒன்று இல்லை என்பதே கூண்டுகள் கற்பித்த முதற்பாடம். பாம்பு இரையை முழுதாக விழுங்குவதால் எலும்பின் சுண்ணமும் ஈரலின் சத்தும் அதற்கு ஒருங்கே கிட்டுகின்றன. நறுக்கிய இறைச்சித் துண்டை மட்டுமே கொடுத்து வளர்த்தால் அது நாளடைவில் நலியும்.

பாலை வார்த்த நம்மைப் பார்த்து நகைப்பவர்கள், மேலைநாட்டு வீடுகளையும் சற்று எட்டிப் பார்க்கலாம். அங்கே பலர் விரும்பி வளர்க்கும் 'கார்டர்' பாம்பு, நம் குளங்களில் காணும் தண்ணீர்ப்பாம்பின் உறவினம். இரண்டும் ஒரே துணைக்குடும்பம். மண்புழு, தவளை, மீன் ஆகியவை அதன் இயல்பான இரை. கடையில் எளிதாகக் கிடைக்கிறதென்று பலர் அதற்குத் தங்கமீனைப் போட்டு வளர்த்தனர். தங்கமீனில் தயமினேஸ் என்னும் நொதி உண்டு. அது பி1 உயிர்ச்சத்தைச் சிதைத்துவிடும். தொடர்ந்து அதையே தின்ற பாம்பு நடுக்கமும் வலிப்பும் கண்டு மடியும். இந்நொதி இல்லாத கப்பி போன்ற மீன்களும், மண்புழுவும், சிறிது பழக்கினால் எலிக்குஞ்சும் அதற்கு ஏற்றவை. மண்புழுவிலும் உரக்குழியில் வளரும் சிவப்புப் புழு கார்டர் பாம்புக்கு நஞ்சு. ஆக, தங்கமீனும் பாலும் ஒரே வகை அன்பின் இரு வடிவங்கள். கொடுப்பவருக்கு எளிதானதையும் அழகானதையும் பெறுபவரின் தேவையாகக் கருதிக்கொள்ளும் அன்பு அது.

நம் நாட்டில் சாரையையோ தண்ணீர்ப்பாம்பையோ வீட்டில் வளர்ப்பதைச் சட்டம் தடுக்கிறது. அதை வெறும் தடையாகக் காண வேண்டியதில்லை. எந்தப் பாம்புக்கு எது நல்லுணவு என்னும் கேள்விக்குச் சரியான விடை, அது தானே தேடிக்கொள்ளும் இடத்தை விட்டுவைப்பதுதான். தவளை கத்தும் குளமும் எலி ஓடும் புதரும் இருந்தால், யாரும் எதையும் வார்க்க வேண்டியதில்லை.

2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. எலிவளையின் வாயைப் பார்த்து உள்ளிருப்பதைச் சொல்லும் மரபுக்கு நாடு தந்த மரியாதை அது. நாமோ இன்னும் புற்றின் வாயில் பால் வார்த்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த நாகசதுர்த்திக்கு அந்தப் பாலை ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, புற்றிருக்கும் புதரை வெட்டாமல் விட்டுவைத்தால், நாகத்துக்குச் செய்யும் வழிபாடு அதுவே.