நாரி பிடிச்ச கையும் ‘டிஸ்க்’ என்ற சொல்லும்

முதுகின் அடிப்பகுதியை எங்கட பக்கம் ‘நாரி’ என்றுதான் சொல்லுவம். கீரி மாதிரியான கடற்கரைக் கிராமங்களில் வள்ளம் தள்ளி, வலை இழுத்து வாழ்கிற சனத்துக்கு நாரி உளைவு புதுசில்லை. ‘டிஸ்க்’ என்ற சொல்தான் புதுசு. முந்தி ‘நாரி பிடிச்சிட்டுது’ என்றவர்கள் இப்ப ‘டிஸ்க் விலகிட்டுது’ என்கிறார்கள். நோ அதேதான். ஆனால் சொல் மாறினதோட, எண்ணெய் போட்டு உருவிவிடுகிற கையிடம் நாங்கள் எதிர்பார்க்கிறதும் மாறிப்போச்சு.

அந்தக் கை பழையது. சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகள் 32. அதில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதற்குள்ளேயே 9 வகை. எங்கட ஊர்களின் முறிவு நெரிவு வைத்தியர்களிடமும் எண்ணெயும் உருவலும் உண்டு.

ஐரோப்பாவிலும் இதற்கு ஒரு கதை இருக்கு. 1813இல் பெர் ஹென்ரிக் லிங் ஸ்டொக்ஹோமில் உடற்பயிற்சி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1894இல் லண்டனில் நான்கு தாதியர் சேர்ந்து, பயிற்சி பெற்ற மசாஜ் செய்பவர்களுக்கான சங்கம் அமைத்தார்கள். ‘மசாஜ்’ என்ற பேரில் வேறு தொழில் நடந்து, பேர் கெட்டுக் கிடந்த காலம் அது. 1944இல் அந்தச் சங்கத்தின் பெயரில் ‘பிசியோதெரபி’ என்ற சொல் வந்தது. இண்டைக்கு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி என்று நாங்கள் பார்க்கிறதன் ஒரு வேர் அங்கேதான்.

1934இல் அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும், கிழிந்த டிஸ்க் நரம்பை அழுத்தலாம் என்று காட்டினார்கள். பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அதற்குப் பிறகு நாரி உளைவு என்றாலே டிஸ்க்தான் என்ற நினைப்பு பரவிவிட்டது. ‘விலகினதை உள்ளே தள்ளி விடுறன்’ என்ற வாக்குறுதியும் கூடவே வந்தது.

அந்த வாக்குறுதிதான் பிழை. டிஸ்க் மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு இறுக ஒட்டியிருக்கிறது. அது வழுக்கி விலகுவதில்லை. வெளிவளையம் பலவீனமாகியோ கிழிந்தோ உள்ளிருக்கிற மென்பொருள் பிதுங்குகிறது, அவ்வளவுதான். தோல், தடித்த தசை, எலும்பு எல்லாம் தாண்டி எந்த விரலும் அதைத் தொட்டுத் தள்ள முடியாது.

அப்ப சுகம் வருவது எப்படி? ஒன்று, நோவால் இறுகின தசை இளகும். கொஞ்சம் நடக்க முடியும். நடப்பதே மருந்து. இரண்டு, பிதுங்கின பகுதி பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கும். உடம்பு செய்கிற வேலை. பேர் கைக்குப் போகிறது. இன்னொன்று: 1994இல் முதுகு நோ இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 வீதமானோருக்கு டிஸ்க் புடைத்திருந்தது. படத்தில் தெரிகிறதெல்லாம் நோவுக்குக் காரணம் இல்லை.

அதற்காகக் கையைத் தூக்கி எறியத் தேவையில்லை. 2023இல் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட நாரி நோவுக்கு வெளியிட்ட வழிகாட்டலில் உடற்பயிற்சியோடு மசாஜும் இருக்கிறது. ஆதாரம் அவ்வளவு பலமில்லை. கிடைக்கிற சுகமும் பெரும்பாலும் குறுகிய காலத்துக்குத்தான். அதைச் சொல்லிப்போட்டுச் செய்தால் நேர்மையான வைத்தியம்.

வீட்டில் நாரி உளைவென்று படுத்திருக்கிறவர்களிடம் இதை மட்டும் கேளுங்கோ: கால் பலமிழக்கிறதா? இருக்கும்போது தரையில் படுகிற இடம், தொடை இடுக்கு மரத்துப்போச்சா? சிறுநீர் போக முடியாமலோ, அடக்க முடியாமலோ இருக்கா? காய்ச்சலோடு நோ வருகிறதா? ஒன்றுக்காவது ‘ஓம்’ என்றால் எண்ணெய்ப் போத்தலை மூடி வையுங்கோ. முதுகில் ஏறி மிதிக்கவோ வெட்டி முறுக்கவோ ஒருத்தரையும் விடாதேங்கோ. அண்டைக்கே மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கோ. நரம்பு நசியும்போது மணித்தியாலங்களும் கணக்கு.