கால்வெஸ்டன் புயலும் அதன் பேய்க்கதைகளும்: ஒரு வரலாற்று ஆய்வு

அமெரிக்கத் தென்மாநிலமான டெக்சாஸின் கரையோரத் தீவு நகரம் கால்வெஸ்டன். 1900 செப்டம்பர் 8 அன்று அங்கு வீசிய புயலே அந்நாட்டு வரலாற்றில் மிகுதியான உயிர்களைக் கொண்டுபோன இயற்கைப் பேரிடர். மாண்டவர் 6,000 என்பாரும் உண்டு, 8,000 என்பாரும் உண்டு, 12,000 வரை சொல்வாரும் உண்டு. சடலங்களை எண்ணி அடக்கம் செய்ய யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை என்பதே இத்தனை வேறுபாட்டுக்குக் காரணம். இன்று அந்நகரத்தில் இரவுநேரப் பேய்ச் சுற்றுலா ஒரு தொழிலாகவே நடக்கிறது. அந்தப் பேரழிவு எந்த வழியாகப் பேய்க்கதை ஆனது, இறந்தவர்களுள் யார் கதைக்குள் வந்தார்கள், யார் விடுபட்டார்கள் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவின் மிக உயர்ந்த இடம்கூடக் கடல்மட்டத்துக்கு மேல் ஒன்பது அடி இல்லை. அன்று ஏறி வந்த கடல் 15 அடியைத் தாண்டியது. எச்சரிக்கைகள் இல்லாமலில்லை. அதே கரையில் இருந்த இண்டியனோலா துறைமுகம் 1875, 1886 ஆகிய ஆண்டுகளின் இரு புயல்களால் அழிந்து கைவிடப்பட்டது. அதைக் கண்டு கால்வெஸ்டனில் எழுந்த கடற்சுவர்ப் பேச்சு விரைவில் அடங்கிவிட்டது. 1891இல் அந்நகர வானிலை அலுவலர் ஐசக் கிளைன், புயலால் நகருக்குப் பெருங்கேடு வரும் என்ற அச்சம் வெறும் மயக்கம் என்ற கருத்தில் உள்ளூர் நாளேட்டில் கட்டுரை எழுதினார். 1900இல் இடிந்து விழுந்த அவரது வீட்டில் கருவுற்றிருந்த அவர் மனைவி இறந்துபோனார். கியூபா வானிலையாளர்கள் புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் செல்லும் என்று சரியாகவே கணித்திருந்தார்கள். அவர்களுடைய தந்திகளை வாஷிங்டன் வானிலைத் துறை முன்பே தடுத்து வைத்திருந்தது.

பேய்க்கதைகளின் வேர் புயலில் இருப்பதைவிட, அடுத்த வாரத்தில்தான் ஆழமாக இருக்கிறது. செப்டம்பர் வெயிலில் ஆயிரக்கணக்கான சடலங்கள் கிடந்தன. ஏறத்தாழ 50 கறுப்பினத்தவரைத் துப்பாக்கி முனையில் பிடித்து, நாற்றம் தாங்குவதற்கென்று விஸ்கி கொடுத்து, சுமார் 700 சடலங்களைத் தெப்பமொன்றில் ஏற்றவைத்தார்கள். எடை கட்டிக் கடலில் போட்ட அந்தப் பிணங்கள் மறுபடி கரைக்கே ஒதுங்கின. அதன் பிறகு கிடைத்த இடத்திலேயே புதைத்தார்கள், எரித்தார்கள். சிதைகள் வாரக்கணக்கில் எரிந்தன.

அப்போதே பரவிய முதல் கட்டுக்கதையில் ஆவி எதுவும் இல்லை. பிணங்களின் விரல்களை வெட்டி மோதிரம் திருடிய கறுப்பினக் கொள்ளையர்கள் பிடிபட்டார்கள், அவர்களைக் கூட்டங்கூட்டமாகச் சுட்டுக்கொன்றார்கள் என்று வெளியூர் இதழ்கள் எழுதின. அவ்வாண்டே அவசர அவசரமாக அச்சேறிய பேரிடர் நூல்களும் அதைப் பரப்பின. பின்வந்த ஆய்வாளர்கள் தேடியபோது அத்தகைய பெருங்கொலைக்கு நம்பத்தக்க ஆதாரம் கிடைக்கவில்லை. பிணம் சுமக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களின் இனத்தையே பிணக்கொள்ளையராகக் காட்டிய இக்கதை, பிந்தைய பேய்க்கதைகள் அனைத்தையும்விடக் கொடியது என்பது என் கருத்து.

இரண்டாவது மரபு புனித மேரி அனாதை இல்லத்தைச் சுற்றி வளர்ந்தது. நகரத்து மஞ்சள் காய்ச்சலிலிருந்து குழந்தைகளைக் காக்கத்தான் அந்த இல்லம் ஊருக்கு வெளியே கடலோரத்தில் அமைந்திருந்தது. புயலன்று இல்லத்தை நடத்திய துறவறக் கன்னியர்கள் குழந்தைகளைச் சிறுமியரின் விடுதிக்குக் கூட்டிச் சென்றார்கள். அதுவே புதிய கட்டடம், உறுதியானது. ‘அலைகளின் அரசி’ என்ற மாதா பாடலைப் பாடவைத்தார்கள். துணி உலர்த்தும் கயிற்றைத் துண்டாக்கி, ஒரு முனையைத் தங்கள் இடுப்பிலும் மறுமுனையைக் குழந்தைகளின் இடுப்பிலும் கட்டிக்கொண்டார்கள். கட்டடம் சரிந்தது. 10 கன்னியரும் 90 குழந்தைகளும் மாண்டார்கள். பதின்ம வயதுச் சிறுவர் மூவர் மட்டும் ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு பிழைத்தார்கள். கயிறு கட்டிய நிலையிலேயே சடலங்கள் கண்டெடுக்கப்பட்டன.

இல்லம் இருந்த இடத்துக்கருகே இப்போது வால்மார்ட் கடை இருக்கிறது. இரவில் அங்கே குழந்தை அழும் குரல் கேட்கிறது, பொம்மைகள் தாமாக இடம் மாறுகின்றன என்கிறது கதை. வால்மார்ட் நிறுவனமே 1962இல்தான் தொடங்கியது. ஆகவே இக்கதையின் இன்றைய வடிவத்துக்கு அதைவிடப் பழமை இருக்க முடியாது. புயலில் பிழைத்தவர்கள் பலர் அதைப் பற்றி வாய்திறக்காமலே காலம் கழித்தவர்கள். அவர்கள் மறையத் தொடங்கிய பிறகு, கடற்கரைச் சுற்றுலா வளர்ந்த காலத்தில், கதை வேர்பிடித்தது. இல்லத்தின் நினைவுப் பலகையும் 1994இல்தான் வந்தது.

புயலுக்கும் இக்கதைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் நகரமே தன் மண்ணை மாற்றிக்கொண்டது. 1902 முதல் 1904 வரை 17 அடி உயரக் கடற்சுவர் எழுந்தது. 1911க்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு தூக்கிகளால் உயர்த்தி, அடியில் கடல்மணலைக் குழம்பாக இறைத்து நிரப்பினார்கள். 3,000 டன் எடையுள்ள புனித பேட்ரிக் ஆலயத்தையே ஐந்தடி உயர்த்தினார்கள். 1915இல் அடுத்த பெரும்புயல் வந்தபோது நகரம் பிழைத்தது. ‘நாம் நடக்கும் தரைக்கடியில் இன்னொரு ஊர் கிடக்கிறது’ என்னும் பேய்ச் சுற்றுலாவின் நம்பிக்கைக்கு இந்தப் பொறியியலே இடங்கொடுத்தது. அதில் உண்மையும் ஓரளவு உண்டு.

இக்கதைகள் யாரைத் தேர்ந்தெடுக்கின்றன என்பது கவனிக்கத்தக்கது. கன்னியரும் குழந்தைகளும் ஆவியாக வருகிறார்கள், ஹோட்டல் கால்வெஸ் போன்ற விடுதிகளில் காதலில் தோற்ற பெண் வருகிறாள். தெப்பத்தில் பிணம் ஏற்றவைக்கப்பட்ட கறுப்பினத் தொழிலாளர்கள் எந்தச் சுற்றுலாக் கதைக்கும் நாயகர்களாகவில்லை. பயணிகளிடம் இரக்கத்தைத் தூண்டும் சாவு விற்பனைக்கு ஏற்றது, குற்றவுணர்வைத் தூண்டும் சாவு ஏற்றதன்று. எனவே இப்பேய்க்கதைகளை 1900ஆம் ஆண்டுக்கான சான்றாகக் கொள்வது பிழை. அவற்றைச் சொன்ன தலைமுறைக்கே அவை சான்று. அந்த ஐம்பது பேர் யார், பின்னாளில் என்ன ஆனார்கள் என்பதை மக்கள்தொகைப் பதிவேடுகள், கறுப்பினத் திருச்சபைகளின் ஏடுகள் வழியே தேடிச் சேர்ப்பதுதான் இத்துறை ஆய்வாளர்கள் முதலில் கையிலெடுக்க வேண்டிய பணி.