மரண அறிவித்தல் (குடும்ப வரலாற்று மூலம்)

மரண அறிவித்தல் என்பது ஒருவரின் மறைவைக் குடும்பத்தார் நாளிதழில் கட்டணம் செலுத்தி வெளியிடும் அறிவிப்பு. இலங்கைத் தமிழரின் குடும்ப வரலாற்றாய்வில் முதன்மையான மூலங்களுள் ஒன்று.

தொடர்புடைய அறிவிப்புகள்: 31ஆம் நாள் நன்றி நவிலல், ஆண்டு நினைவஞ்சலி.

உள்ளடக்கம்: பிறப்பிடம், வதிவிடம், தொழில் ஆகியவற்றைத் தொடர்ந்து, 'அன்னார்' எனத் தொடங்கும் பகுதி பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், மருமக்கள், உடன்பிறந்தோர், மைத்துனர், பேரப்பிள்ளைகளை முறைப்படி வரிசைப்படுத்தும். 'காலஞ்சென்ற' என்னும் அடை முன்பே இறந்தவரைக் குறிக்கும். அடைப்புக்குறிக்குள் வரும் நாட்டுப் பெயர் புலம்பெயர்வைக் காட்டும். இதனால் ஒரே அறிவித்தலில் மூன்று, நான்கு தலைமுறைகளின் உறவுகள் பதிவாகின்றன.

வரலாறு: இத்தகைய அறிவித்தல்களை வெளியிட்ட நாளிதழ்களுள் வீரகேசரி (தொடக்கம் 1930), தினகரன் (1932), ஈழநாடு (1959), உதயன் (1985) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது பழைய இதழ்த் தொகுப்புகளும் அழிந்தன. 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகம், எஞ்சிய இதழ்களையும் நினைவு மலர்களையும் மின்வடிவில் பேணுகிறது.

ஆய்வுமுறை: நிலையான குடும்பப் பெயர் வழக்கம் பரவலாக இல்லாததால் ஊர்ப் பெயரையும் தந்தை பெயரையும் இணைத்தே தேட வேண்டும். வயது, பெயர் எழுத்துமுறை ஆகியவற்றில் பிழை நேரக்கூடும். பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளுடன் ஒப்பிடுதல் அவசியம்.

முக்கியத்துவம்: இலங்கை உள்நாட்டுப் போரிலும் இடப்பெயர்விலும் வீட்டு ஆவணங்களை இழந்த குடும்பங்கள் தம் வேர்களை மீட்டறிய இவை துணைபுரிகின்றன.