டிக் டிக் பம்ப்பும் ஏ.சி. பம்ப்பும்

நம்ம ஊரில் பெட்ரோல் பங்க் என்போம். இங்கே வடக்கே வந்தால் அதையே பெட்ரோல் பம்ப் என்கிறார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவு ரோட்டோரம் கியூவில் நிற்கிற பம்ப்பைப் பற்றி இல்லைங்க. காருக்குள்ளே, டேங்க்கில் இருக்கிற பெட்ரோலை கார்புரேட்டருக்குக் கொண்டு போய்ச் சேர்க்கிற கையகல சாமானைப் பற்றி.

நம்மவர்கள் சில பேர் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ ஓட்டின ஹெரால்டு, பத்மினி இன்னும் நிற்கிறது. விற்க மனசு வராது, ஓட்ட நேரம் கிடைக்காது. மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்பிப் பார்த்தால் அது கிளம்பாது. பேட்டரி இறங்குகிற வரைக்கும் செல்ஃப் அடித்த பிறகு மெக்கானிக் வருவார். "எலெக்ட்ரிக் பம்ப் போட்டுடலாம் சார்" என்பார். உடனே வீட்டில் சண்டை ஆரம்பம். மகன் போடலாம் என்பான். அப்பா, "அதைப் போட்டா வண்டியோட அசல் போயிடும்டா" என்பார்.

யார் சொல்வது சரி? தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போய் வருவோம்.

பம்ப்பே இல்லாத காலம்

ஆரம்பத்தில் கார்களுக்குப் பம்ப்பே கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயில் தண்ணீர் வருவது மாதிரி பெட்ரோல் தானாக இறங்கும். 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி காரில் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. செங்குத்தான மேட்டில் ஏறும்போது மூக்கு மேலே தூக்கும். டேங்க்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் கார்புரேட்டருக்கு வந்து சேராது. என்ன செய்வார்கள் தெரியுமா? வண்டியைத் திருப்பி ரிவர்ஸ் கியரிலேயே மேடு ஏறுவார்கள்! 1928-இல் வந்த மாடல் ஏ காரில் டேங்க்கை டேஷ்போர்டுக்கு முன்னால் உயரத்தில் வைத்தார்கள். மேட்டுப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் பத்து காலன் பெட்ரோலைக் கிட்டத்தட்ட மடியில் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும்.

டேங்க்கைப் பின்னால் கொண்டு போகவேண்டும் என்றால் பெட்ரோலை யாராவது இழுத்து வரவேண்டும். முதலில் வந்தது வேக்குவம் டேங்க். எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற அதே வேக்குவத்தை வைத்துப் பெட்ரோலை ஒரு சின்னத் தொட்டிக்கு இழுத்து, அங்கிருந்து இறக்கி விடுவார்கள். அமெரிக்காவில் ஸ்டூவர்ட் வார்னர், இங்கிலாந்தில் ஆட்டோவாக். இதிலும் ஒரு சிக்கல். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தால் வேக்குவம் இறங்கிவிடும். பெட்ரோல் எப்போது அதிகம் தேவையோ அப்போதுதான் கை விரிக்கும்.

இரண்டு பம்ப்புகள், ஒரே காலம்

இப்போதுதான் நம் கதாநாயகர்கள் வருகிறார்கள். 1920-களின் கடைசியில் அமெரிக்காவில் ஏ.சி. நிறுவனத்தின் மெக்கானிக்கல் பம்ப் பரவ ஆரம்பித்தது. ஏ.சி. என்றால் குளிர்சாதனம் இல்லைங்க. ஆல்பர்ட் சாம்பியன் என்ற பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரரின் பெயர்ச் சுருக்கம். ஸ்பார்க் பிளக் செய்து பணக்காரரான அவர் 1927-இல் இறந்துபோனார். ஆனால் பெயர் மட்டும் நம்மூர் மெக்கானிக் ஷெட் வரைக்கும் வந்து சேர்ந்தது. பழைய மெக்கானிக்குகள் இன்னும் "ஏசி பம்ப்" என்றுதான் சொல்வார்கள்.

இது வேலை செய்கிற விதம் ரொம்ப எளிமை. எஞ்சினின் கேம் ஷாஃப்ட் சுற்றும்போது ஒரு நெம்புகோலைத் தள்ளும். அது ரப்பர் பூசின துணியால் ஆன டயஃப்ரம் என்ற தட்டைக் கீழே இழுக்கும். பெட்ரோல் உள்ளே வரும். அடியில் இருக்கிற ஸ்பிரிங் அதே தட்டை மேலே தள்ளும். பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். கார்புரேட்டர் நிரம்பிவிட்டால் டயஃப்ரம் கீழேயே நின்றுவிடும், நெம்புகோல் சும்மா ஆடும். கரண்ட் வேண்டாம், ஒயர் வேண்டாம். முக்கியமாக, எஞ்சின் நின்றால் பம்ப்பும் நின்றுவிடும். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் இங்கிலாந்தில் எஸ்.யூ. கம்பெனி எலெக்ட்ரிக் பம்ப்பையே கொண்டு வந்துவிட்டது. இதிலும் டயஃப்ரம்தான், ஆனால் அதை இழுப்பது காந்தம். சாவியைப் போட்டதும் டிக் டிக் டிக் என்று அடிக்கும், கார்புரேட்டர் நிரம்பியதும் அமைதியாகிவிடும். எம்.ஜி., ஜாகுவார் கார்களில் இதுதான். 1948-இல் வந்த மோரிஸ் மைனரிலும் இதுதான். அந்த மோரிஸ் மைனர்தான் நம் நாட்டில் பேபி ஹிந்துஸ்தான் என்ற பெயரில் ஓடியது. இதன் வியாதி, உள்ளே இருக்கிற பாயிண்ட் கருகுவது. வண்டி நின்றால் இறங்கிப் போய்ப் பம்ப் தலையில் ஸ்பேனரால் ஒரு தட்டு. மறுபடி டிக் டிக்.

ஆக, எலெக்ட்ரிக் பம்ப் என்பது நேற்று வந்த புதுசு இல்லை. அந்த வீட்டுச் சண்டையில் அப்பாவுக்கு இது முதல் அடி.

விலை குறைவு, கரண்ட் தேவையில்லை என்பதால் பெரும்பாலான கார்களில் மெக்கானிக்கல் பம்ப் ஜெயித்தது. 1961 முதல் நம் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பம்பாயில் தயாரான ஃபியட் 1100, அதன் பின்வாரிசான பத்மினி, 1983-இல் வந்த மாருதி 800 எல்லாவற்றிலும் அதுதான். 1999-இல் உச்ச நீதிமன்றம் டெல்லிக்கு யூரோ 1, யூரோ 2 புகை விதிகளுக்குக் கெடு வைத்தது. அதையொட்டி மாருதியிலும் கார்புரேட்டர் போய் எரிபொருள் இஞ்செக்ஷன் வந்தது. அதற்கு அழுத்தம் அதிகம் வேண்டும் என்பதால் எலெக்ட்ரிக் பம்ப் டேங்க்குக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

பழைய பம்ப் ஏன் இப்போது திணறுகிறது?

முதல் காரணம் சூடு. மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினோடு ஒட்டி இருக்கிறது, பெட்ரோலையோ பின்னாலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சுகிற பக்கத்தில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும். பம்ப்புக்குள் ஆவி நிரம்பினால் பெட்ரோல் நகராது. இதுதான் வேப்பர் லாக். கண்டாலா காட் ரோட்டில் பானெட்டைத் திறந்து வைத்து, பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டு குடும்பத்தோடு காத்திருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது, பெட்ரோலே மாறிவிட்டது. எத்தனால் கலப்பது 2003-இல் 5 சதவீதத்தில் ஆரம்பித்தது. 2022-இல் 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவை விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்து ரப்பருக்கு எத்தனால் ஆகாது. டயஃப்ரம் ஓட்டையானால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போய் பேரிங் தேயும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு தானாக ஏறியிருந்தால், பெட்ரோல் வாசனை அடித்தால், வண்டியைக் கிளப்பாதீர்கள்.

மூன்றாவது, நாம் ஓட்டுவதே இல்லை. மாசக்கணக்கில் நின்றால் கார்புரேட்டரில் இருக்கிற பெட்ரோல் ஆவியாகிவிடும். மெக்கானிக்கல் பம்ப் அதை நிரப்ப எஞ்சின் நெடுநேரம் சுற்றவேண்டும். எலெக்ட்ரிக் என்றால் சாவி போட்டுச் சில நொடிகளில் நிரம்பிவிடும். (ஹெரால்டு பம்ப்பில் கையால் அடிக்க ஒரு குட்டி லீவர் உண்டு. அதைத் தெரியாமலேயே பேட்டரி மாற்றினவர்கள் ஏராளம்!)

மாற்றுவதென்றால்

அழுத்தம்தான் முதல் விஷயம். கார்புரேட்டருக்கு 2 முதல் 4 பி.எஸ்.ஐ. போதும், சில வண்டிக்கு அதற்கும் கீழே. இஞ்செக்ஷன் கார் பம்ப் 40 பி.எஸ்.ஐ. வரை தரும். நம் டயர் காற்றே 28, 30-தான், யோசித்துப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைப் போட்டால் கார்புரேட்டர் வழிந்து சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கொட்டும்.

இடம், டேங்க்குக்குப் பக்கத்தில், முடிந்தால் டேங்க் மட்டத்துக்குக் கீழே. இந்தப் பம்ப்புகள் இழுப்பதைவிடத் தள்ளுவதில் கெட்டி. பழைய பம்ப்பைக் கழற்றின ஓட்டையை கேஸ்கெட்டோடு பிளேட் போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் ஆயில் ஒழுகும்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. எஞ்சின் நின்றால் மெக்கானிக்கல் பம்ப் நின்றுவிடும் என்று சொன்னேன் அல்லவா? எலெக்ட்ரிக் பம்ப் அப்படி இல்லை. விபத்தில் குழாய் அறுந்து எஞ்சின் நின்றாலும், சாவி ஆனில் இருக்கிற வரை பெட்ரோலை வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு தீப்பொறி போதும். அதனால் ஃப்யூஸ், ரிலே, கூடவே ஆயில் பிரஷர் இல்லையென்றால் பம்ப்பை நிறுத்துகிற சுவிட்சோ, மோதினால் அறுக்கிற இனர்ஷியா சுவிட்சோ கட்டாயம் வேண்டும். "அதெல்லாம் எதுக்கு சார், நேரா இக்னிஷன்ல குடுத்துடலாம்" என்று மெக்கானிக் சொன்னால், தயவுசெய்து வேறு மெக்கானிக்கைப் பாருங்கள். பின் சீட்டில் உட்காரப்போவது நம் பிள்ளைகள்.

அப்போ அசல்?

2021-இல் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதி கொண்டு வந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். அந்தப் பதிவு வாங்க நினைப்பவர்கள் எதையும் வெட்டாமல், துளை போடாமல், திரும்பப் பழையபடி ஆக்கக்கூடிய விதத்தில் மட்டும் மாற்றுங்கள். நாலு போல்ட்டில் திரும்ப மாட்டிவிடலாம் என்கிற மாதிரி இருக்க வேண்டும். பழைய பம்ப்பைச் சுத்தம் செய்து, எத்தனால் தாங்குகிற புது டயஃப்ரம் போட்டு, துணியில் சுற்றி டிக்கியில் வையுங்கள். காயலான் கடைக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

கணக்குப் பாடத்தில் படித்ததையே சொல்கிறேன். ஒரு சொத்தை ஓட்டத்தில் வைத்திருக்கச் செய்கிற செலவு வேறு, சொத்தையே மாற்றுகிற செலவு வேறு. இது முதல் வகை. எல்லாம் அசலாக இருந்து ஷெட்டிலேயே நிற்கிற வண்டியில் டயர் வெடிக்கும், பிரேக் பிடித்துக்கொள்ளும், எலி ஒயரைக் கடிக்கும். ஓடுகிற வண்டிதான் நிலைக்கும்.

மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது ஓட்டுகிறவர், மலை ஏறாதவர் என்றால் புது டயஃப்ரம் போட்டுப் பழைய பம்ப்பையே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு இணை கிடையாது. வருஷத்துக்கு நாலு தடவை லீவுக்கு வந்து கிளப்புகிறவர் என்றால், சுவிட்ச் எல்லாம் சரியாக வைத்து எலெக்ட்ரிக்குக்கு மாறுங்கள். அப்பாவிடம் 1948 மோரிஸ் மைனர் கதையைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.