மேஜரும் சுண்டூரும்

1993-ல் விஜயவாடாவில் கட்டட வேலை செய்தபோது ‘மேஜர் சந்திரகாந்த்’ தெலுங்குப் படம் பார்த்தேன். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியாக என்.டி. ராமாராவ். சட்டத்துக்குக் காத்திருக்காமல் அக்கிரமக்காரர்களைத் தானே தீர்த்துக்கட்டுவார். நானும் விசிலடிச்சேன், பொய் சொல்லல.

கூட வேலை பார்த்த தெனாலிப் பக்கத்து மாலா அண்ணன் மட்டும் கை தட்டல. வெளியே வந்ததும் கேட்டார்: “காரம்சேடுல ஆறு மாதிகாக்களைக் கொன்னப்ப முதலமைச்சர் யாரு தம்பி?” 1985-ல் இதே ராமாராவ்தான்.

1991 ஆகஸ்ட் 6-ல் குண்டூர் மாவட்டம் சுண்டூரில் எட்டு தலித்துகளைக் கொன்றார்கள். சில உடல்களைச் சாக்கில் கட்டி வாய்க்காலில் போட்டார்கள். எந்த மேஜரும் வரல. சனங்கள் செத்தவர்களை ஊர் நடுவே புதைத்தார்கள். அந்த ஊரிலேயே தனி நீதிமன்றம் வேண்டுமென்று போராடி வாங்கினார்கள். 2007-ல் 21 பேருக்கு ஆயுள் தண்டனை. 2014-ல் உயர்நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுதலை செய்தது.

சட்டத்தைத் தூக்கிப்போட மேஜருக்கு ஒரு இடைவேளை போதும். கொன்றால் கைதட்டல். எங்காளு கம்பெடுத்தாலே கேசு. ஆனாலும் 23 வருசம் கோர்ட்டு வாசலில் சட்டத்தை நம்பி நின்றவர்கள் சுண்டூர்ச் சனங்கள்தான். கைவிட்டது சட்டம், அவர்களல்ல.

அண்ணன் ஏன் கை தட்டலன்னு எனக்கு அப்புறந்தான் புரிஞ்சுது.