நோர்விச்சிலிருந்து உடுவில் வரை: ஒரு குடியேறிக் குடும்பத்தின் வேர்கள்

யாழ்ப்பாணத்திலே பெண்பிள்ளைகளுக்கென விடுதியோடு கூடிய பாடசாலை 1824இல் உடுவிலில் தொடங்கப்பட்டதை நாம் எல்லோரும் அறிவோம். நம்மில் யார் எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும், நமக்கு அரிவரி சொல்லித்தந்த ஆசிரியைக்கு ஆசிரியை யார் என்று தேடிக்கொண்டு போனால், பல வேளைகளில் அந்த உடுவில் வளவிலேயே போய் நிற்போம். அதைத் தொடக்கியவர் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார். மிரோன் வின்ஸ்லோ பாதிரியாரின் மனைவி என்றே பொதுவாக அவரை நாம் அறிந்திருக்கிறோம். 1862இல் வெளிவந்த பெரிய தமிழ் - ஆங்கில அகராதியால் கணவரின் பெயர் தமிழுலகில் நிலைத்துவிட்டது.

ஹரியற் யாருடைய மகள், யாருடைய பேர்த்தி? சங்கத்தின் நூற்றாண்டு மலரில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வது பொருத்தமெனக் கருதுகிறோம். அவருடைய முன்னோர், அமெரிக்காவில் ஐரோப்பியக் குடியேற்றம் காட்டோரத்தில் நின்ற காலத்து எல்லைப்புறக் குடிகள். அவர்களுடைய வழியை நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பின்னோக்கிப் பார்க்கலாம். அது எவ்வாறு முடிகிறது, இழை எங்கெங்கே அறுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது, உலகெங்கும் சிதறியிருந்து சொந்த வேர்களைத் தேடும் நமக்கும் உதவும்.

தந்தை வழி: லேத்ரப் குடும்பம்

ஹரியற் வாட்ஸ்வேர்த் லேத்ரப் 1796 ஏப்பிரல் 9இல் கனெற்றிக்கட் மாநிலத்து நோர்விச் நகரிற் பிறந்தார். தந்தை சார்ள்ஸ் லேத்ரப், தாய் ஜோவன்னா. நோர்விச்சில் லேத்ரப் என்ற பெயர் அந்நாளில் வீட்டுக்கு வீடு காணப்பட்ட பெயர். அவர்கள் அனைவருக்கும் மூலவர் சாமுவேல் லேத்ரப் என்னும் தச்சர். சாமுவேலின் தந்தை ஜோன் லோத்ரப் பாதிரியார்.

ஜோன் 1584 டிசம்பரில் இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியில் எற்றன் என்ற கிராமத்திலே ஞானஸ்நானம் பெற்றார். கேம்பிரிட்ஜிற் படித்து, கென்ற் பகுதியில் எகேர்ட்டன் ஊர்க் கோயிலுக்குக் குருவானார். 1623இல் அரச திருச்சபையைவிட்டு விலகி, பின்னர் இலண்டனில் இரகசியமாகக் கூடிவந்த ஒரு சுயாதீன சபைக்குப் போதகரானார். 1632இல் வழிபாட்டு வேளையிலே சபையாரோடு பிடிபட்டுச் சிறை சென்றார். அவர் சிறையில் இருந்தபோது மனைவி இறந்தார். நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்ற நிபந்தனையில் 1634இல் விடுதலை கிடைத்தது. பிள்ளைகளுடன் ‘கிறிபின்’ என்ற கப்பலில் ஏறிச் செப்டெம்பரில் பொஸ்ரன் வந்திறங்கினார். ஜோன் வின்த்றொப்பின் நாட்குறிப்பில் அந்தக் கப்பலின் வரவும் லோத்ரப்பின் பெயரும் பதிவாகியுள்ளன.

முதலில் சிற்றுவேற் என்னும் ஊரிற் குடியேறினார்கள். அங்கே காணி போதவில்லை, சபைக்குள்ளும் பிணக்கு. 1639இல் சபையிற் பெரும்பகுதியினர் பாண்ஸ்ரபிள் என்ற கடலோர இடத்திற்குப் பெயர்ந்தனர். மகன் சாமுவேல் அங்கிருந்து நியூ லண்டன் போய், 1668 அளவில் நோர்விச்சை அடைந்தார். காணி போதாமை, மேய்ச்சல் நிலத் தேவை, சமயப் பிணக்கு ஆகிய மூன்றுமே அந்நாளைய குடியேறிகளைத் தலைமுறைக்கு ஒரு தடவை கிளப்பி நடத்தின.

இவ்வளவையும் நாம் சொல்லக்கூடியதாக இருப்பது எழுதிவைத்த பழக்கத்தால். ஜோன் லோத்ரப் தம் சபையின் ஞானஸ்நானங்களையும் விவாகங்களையும் மரணங்களையும் ஓர் ஏட்டிற் குறித்தார். 1769இல் எஸ்ரா ஸ்ரைல்ஸ் என்னும் அறிஞர் அதைப் பிரதிசெய்திராவிட்டால் இன்று பல குடும்பங்களுக்கு அடி தெரியாமற் போயிருக்கும். 1884இல் ஹண்டிங்ரன் என்பவர் லேத்ரப் வம்ச வரலாற்றைத் தனி நூலாகவே வெளியிட்டார்.

தேடுவோர் கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. லோத்ரப், லேத்ரப், லோதோர்ப் என ஒரே குடும்பம் பலவிதமாக எழுதப்பட்டது. யோர்க்ஷயரில் லோதோர்ப் என்ற ஊரின் பெயரே குடும்பப் பெயராயிற்று என்பர். ஓர் எழுத்துக்கூட்டலை மாத்திரம் பிடித்துக்கொண்டு தேடினால் பாதிப் பேர் தப்பிவிடுவர். நமது ஊர்ப் பெயர்களும் மிஷனரிமாரின் கடிதங்களில் எத்தனை விதமாக எழுதப்பட்டன என்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

தாய் வழி: லெஃபிங்வெல் குடும்பம்

ஹரியற்றின் தாயார் ஜோவன்னா, பிறப்பால் லெஃபிங்வெல். எல்லைப்புறக் குடும்பம் என்ற பெயருக்கு இவர்களே இன்னும் பொருத்தமானவர்கள்.

மூதாதையான தோமஸ் லெஃபிங்வெல் சேப்ரூக் கோட்டைப் பக்கத்திற் குடியிருந்தவர். 1645இல் நரகன்செற் மக்கள், மொஹீகன் மக்களின் தலைவர் உன்காஸை அவருடைய ஷான்ரொக் கோட்டையில் முற்றுகையிட்டனர். உள்ளே உணவு தீர்ந்துவிட்டது. தோமஸ் இரவோடிரவாக ஆற்று வழியே வள்ளத்தில் இறைச்சியும் சோளமும் பட்டாணியும் கொண்டுபோய்ச் சேர்த்தார்; முற்றுகை தளர்ந்தது. நன்றிக்கடனாக உன்காஸ் நோர்விச் நிலத்தை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார் என்று ஊரிலே ஒரு கதை உண்டு.

காணி உறுதி வேறு கதை சொல்கிறது. 1659 ஜூன் மாதத்து உறுதியின்படி, ஒன்பது மைல் சதுரமான அந்த நிலத்தை உன்காஸும் அவருடைய மக்கள் இருவரும் எழுபது பவுணுக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் சேப்ரூக்கிலிருந்து ஜோன் மேசனும் ஜேம்ஸ் பிற்ச் பாதிரியாரும் அழைத்துவந்த 35 குடித்தலைவர்கள். தோமஸ் அவர்களில் ஒருவர். வள்ளப் பயணம் நடந்ததை நாம் மறுக்கவில்லை. ஆயினும் குடும்பக் கதையையும் உறுதியையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வம்சம் தேடுவோரின் முதற் கடமை.

தோமஸின் வழியில் வந்தவர் 1734இற் பிறந்த கிறிஸ்ரோபர் லெஃபிங்வெல். கனெற்றிக்கட்டின் முதற் கடதாசி ஆலையை 1766இல் நோர்விச்சில் நிறுவியவர் அவர். அவருடைய மகள்தான் ஜோவன்னா. குடும்பத்தின் பழைய விடுதி வீடு இன்று நோர்விச்சில் அரும்பொருட்காட்சிச் சாலையாக உள்ளது.

பெயர்களுக்குள் ஒளிந்திருக்கும் பெண்கள்

ஆண் வழியை ஏணிப்படி போல ஏறிவிடலாம். பெண் வழியில் ஒவ்வொரு படியிலும் தடக்கும். ஜோன் லோத்ரப்பையே பாருங்கள். கென்ற் பகுதியில் 1610இல் அவர் மணந்த முதல் மனைவி ஹன்னா ஹௌஸ். அமெரிக்கா வந்தபின் மணந்த இரண்டாம் மனைவியோ, 1635இல் சபையிற் சேர்ந்தபோது, அவருடைய சொந்தக் கையெழுத்து ஏட்டிலேயே ‘என் மனைவி’ என்று மட்டும் குறிக்கப்பட்டார். ஊரார் எல்லோருடைய பெயரையும் எழுதிய கை தன் மனைவியின் பெயரை எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்த பெயர்தானே என்று நினைத்திருக்கலாம். அதே ஏட்டில் 1644 நவம்பரில் மகன் சாமுவேல் எலிசபெத் ஸ்கடரை மணந்த செய்தி பெண்ணின் முழுப் பெயரோடு இருக்கிறது. அந்த ஒரு வரி இருப்பதால் நோர்விச் லேத்ரப்களின் முதற் தாயார் யாரென்பது நமக்குத் தெரிகிறது.

ஏடுகள் விட்டதைச் சில வேளை பெயர்கள் சொல்லும். பெயரன், பெயர்த்தி என்ற சொற்களிலேயே அந்த வழக்கத்தை வைத்திருக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும். கிறிஸ்ரோபர் லெஃபிங்வெல்லுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? அவருடைய தாயார் ஜோவன்னா கிறிஸ்ரோபேர்ஸ். தாயின் குடும்பப் பெயர் மகனுக்கு முதற்பெயராயிற்று. தாயின் சொந்தப் பெயர் பேர்த்திக்குப் போயிற்று. அந்தப் பேர்த்தியே ஹரியற்றின் தாய். கிறிஸ்ரோபரின் இரண்டாம் மனைவி எலிசபெத் கொயிற். ஹரியற்றின் தங்கையொருவரின் பெயர் எலிசபெத் கொயிற் லேத்ரப். அம்மம்மாவின் கன்னிப் பெயர் அங்கே அப்படியே உயிரோடிருக்கிறது.

இந்த ஊரின் வரலாற்றை முதன்முதல் விரிவாக எழுதியவரும் ஒரு பெண், அதுவும் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஆசிரியை. பிரான்சிஸ் மன்வாறிங் கோக்கின்ஸ் நோர்விச் வரலாற்றை 1845இல் வெளியிட்டார், 1866இல் விரித்தெழுதினார். மசச்சூசெற்ஸ் வரலாற்றுக் கழகம் 1849இல் தன் முதற் பெண் உறுப்பினராகத் தெரிந்தெடுத்தது அவரைத்தான். பழைய இடாப்புகளையும் கல்லறைக் கற்களையும் அவர் பொறுமையாக வாசித்திராவிட்டால் இந்தக் குடும்பங்களைப்பற்றி நாம் அறிவது மிகக் குறைவாயிருக்கும்.

நிலத்தின் முன்னைய குடிகள்

குடியேறிகளின் வம்சம் ஏடேறிய அதே நிலத்தில் மொஹீகன் மக்களின் வம்சம் யாருடைய ஏட்டிலும் ஒழுங்காக ஏறவில்லை. எழுபது பவுண் உறுதிக்குப் பின் அவர்களுடைய நிலம் தலைமுறைக்குத் தலைமுறை சுருங்கிற்று. பின்னாளில் அவர்கள் தனியொரு சமூகமாகத் தொடர்ந்து வாழ்ந்ததை அமெரிக்க அரசுக்கு நிரூபிக்கவேண்டி வந்தது. கிளாடிஸ் ரன்ரக்குவிஜன் என்ற மொஹீகன் மூதாட்டி, தம் மக்களின் பிறப்பு, விவாகம், மரணம் பற்றிய பத்திரங்களைச் சேர்த்துத் தம் கட்டிலின் கீழே பெட்டிகளில் வைத்திருந்தார். 1994இல் அவர்களுக்கு அரச அங்கீகாரம் கிடைப்பதற்கு அந்தப் பெட்டிகள் பெருந்துணையாயின. 1899இற் பிறந்த அவர் 2005இல், 106ஆம் வயதில் காலமானார். கட்டிலின் கீழிருக்கும் பெட்டி ஒரு மக்களின் உரிமையையே காக்கக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

உடுவிலுக்கு வந்த கிளை

ஹரியற் 1819 ஜனவரியில் மிரோன் வின்ஸ்லோவை மணந்தார். அவ்வாண்டு ஜூனில் பொஸ்ரனிலிருந்து ‘இண்டஸ்’ என்ற கப்பலில் ஸ்கடர், ஸ்போல்டிங், வூட்வேர்ட் தம்பதியரோடு இருவரும் புறப்பட்டனர். 1820இல் உடுவிலிற் குடியேறினார்கள். தலைமுறைக்கு ஒரு தடவை எல்லைப்புறத்தை நோக்கி நடந்த குடும்பம் இம்முறை கடல் கடந்து நம் ஊருக்கு வந்தது. மூத்த மகனுக்குத் தம் தந்தையின் பெயரையே வைத்து சார்ள்ஸ் லேத்ரப் வின்ஸ்லோ என்று அழைத்தார். படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட அந்தப் பிள்ளை 1832இல், பதினொரு வயதில், அங்கே இறந்தது. 1833 ஜனவரி 14இல் தாயாரும் உடுவிலிற் காலமானார். அப்போது அவருக்கு வயது 36.

அவருக்குப் பின்னும் அந்த வீட்டுப் பெண்கள் தமிழ் மண்ணுக்கு வந்தார்கள். எலிசபெத் கொயிற், சார்லட், ஹரியற் ஜோவன்னா ஆகிய மூன்று தங்கையரும் ஹட்சிங்ஸ், செரி, பெரி என்ற மிஷனரிமாரை மணந்து வந்தவர்கள். பெரி தம்பதியர் இருவரும் இங்கேயே வாந்திபேதிக்குப் பலியாயினர். ஒரே வீட்டில் ஹரியற் என்ற பெயரில் இருவர் இருந்ததைக் கவனியாதவர் அக்காவையும் தங்கையையும் ஒருவராக எண்ணிவிட இடமுண்டு.

உடுவில் ஹரியற்றின் மகளுக்கும் ஹரியற் என்றே பெயர். அவர் சென்னையிற் பணியாற்றிய ஜோன் வெல்ஷ் டலஸ் பாதிரியாரை மணந்தார். அவர்களுடைய பேரர்களே 1953 முதல் அமெரிக்க இராசாங்கச் செயலாளராயிருந்த ஜோன் பொஸ்ரர் டலஸும், அதே காலத்தில் அந்நாட்டு மத்திய உளவுத் துறைக்குத் தலைவராயிருந்த அலன் டலஸும். அவர்களைத் தந்தை வழியில் மட்டும் தேடிப்போனால் உடுவில் கண்ணிற் படாது. பாட்டியின் கன்னிப் பெயரைக் கேட்டால்தான் உடுவிலுக்கு வழி திறக்கும்.

பெயர் மாறிய நம் பிள்ளைகள்

ஹரியற்றின் முன்னோரை 1584வரை கொண்டுபோகிறோம். அவரிடம் முதலிற் படித்த நம் பிள்ளைகளின் முன்னோரை எதுவரை கொண்டுபோக முடிகிறது?

விடுதியிற் சேர்ந்த பிள்ளைகளைத் தாபரிக்க அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பியவர்கள், தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைகளுக்கு வைக்கச் சொல்லும் வழக்கம் இருந்தது. அவ்வாறு தாயும் தகப்பனும் வைத்த பெயர் மறைந்து, நியூ இங்கிலாந்துச் சீமாட்டி ஒருவரின் பெயர் இடாப்பில் ஏறிற்று. படிப்பைக் கொடுத்த கையே பழைய பெயரை எடுத்துக்கொண்டது. நன்றியோடு நினைப்பவர்களும் இதை மறைக்கவேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகள் பின்னர் மணமுடித்தபோது கணவனின் பெயர் வந்தது. இரண்டு தடவை பெயர் மாறிய ஒரு பெண்ணை அவளுடைய பேரப்பிள்ளைகள் எங்கே தேடுவது?

ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு முதல் கோயில் ஏடுகள் வரை நமக்கும் ஆவணங்கள் இருந்தன, பலவற்றை இழந்தோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1995இல் குடாநாட்டைவிட்டு இடம்பெயர்ந்தபோது பிறப்புச் சாட்சிப்பத்திரத்தையும் காணி உறுதியையும் எடுத்துக்கொண்டு, அம்மம்மாவின் படங்களைச் சுவரிலேயே விட்டுவந்தவர்கள் நம்மிற் பலர்.

ஆகவே, பழைய மாணவியர் சங்கத்தின் அங்கத்துவ இடாப்பைச் சந்தாக் கணக்காக மட்டும் நாம் எண்ணலாகாது. ஒரு பெண் தன் பிறந்த பெயரில், தான் படித்த ஆண்டோடு, தானாகவே பதிவாகும் இடம் அது. ஒவ்வொரு அங்கத்தவரும் தம் பெயரோடு தாயாரின் கன்னிப் பெயரையும், தெரிந்தால் அம்மம்மா, அப்பம்மாவின் பெயர்களையும் ஊர்களையும் எழுதித் தரவேண்டுகிறோம். பழைய வகுப்புப் படங்களில் நிற்பவர்களின் பெயர்களைப் பின்புறத்திலே பென்சிலால் எழுதிவையுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் வெளிநாட்டுப் பத்திரங்களில் மாறியிருந்தால் இரண்டையும் குறியுங்கள். எண்பது வயதைக் கடந்த அக்காமாரிடம் இந்த விடுமுறையிலேயே போய்க் கேளுங்கள்.

எலிசபெத் ஸ்கடருக்கு ஒரு வரி கிடைத்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவருடைய வழித்தோன்றல்கள் இன்றும் அவரிடம் போய்ச் சேருகிறார்கள். நம் தாய்மாருக்கும் பேர்த்திமாருக்கும் அப்படி ஒரு வரியாவது எழுதிவைப்பது நம்மால் இயலாத காரியமன்று.